தானாக நின்றவர்கள்

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சபை ரோஸ்லின் அக்கா. போன தவக்காலத்தில், உபவாச ஜெபம் முடிந்து எல்லோருக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவர், கரண்டியைப் பானையிலேயே விட்டுவிட்டு, "பாலாத்தங்கரையில ஒரு ஊர்ல மனுசங்களுக்குக் காலு தரையில பாவறதில்லையாம், கேட்டியா?" என்று ஆரம்பித்தார். சந்தோஷத்தைச் சொல்கிறாராக்கும் என்று நினைத்தேன். பிள்ளை பாஸானாலும் பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்தாலும் நாம் அப்படித்தானே சொல்வோம். அக்கா தலையை ஆட்டினார். "சந்தோசத்துல இல்ல. வேலை போச்சுன்னா."

அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

அந்த ஊரில் பாதிப் பேருக்குத் தோல் ஷாப்பில் வேலை, மீதிப் பேருக்கு ஷூ கம்பெனியில் வேலை. கண்ணால் காணாத தேசங்களில் பனியில் நடக்கிறவர்களின் கால்களுக்கு அங்கே இரவும் பகலும் தோல் பதமாகிக்கொண்டும் தையல் ஓடிக்கொண்டும் இருக்கும். ஒரு சித்திரை மாதம், ஷூ கம்பெனியிலிருந்து பிரேக் என்று அனுப்பப்பட்ட பெண்ணொருத்தி, கேட்டைத் தாண்டியதும் கால் மண்ணில் படாமல் ஒரு விரல் உயரத்தில் நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். பின்னால் வந்தவள் அதைப் பார்த்து, "இன்னாடி, செருப்பு புதுசா?" என்று கேட்டாள். இவள் குனிந்து பார்த்துவிட்டு, "இல்லடி, பழசுதான்" என்றாள். அவ்வளவுதான். இருவரும் அதே பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.

பிரேக் என்றால் சாப்பிட விடுகிற நேரம் இல்லை. காண்ட்ராக்டில் வேலை செய்கிறவர்களை விடாமல் வைத்திருந்தால் ஒருநாள் பெர்மனென்ட் ஆக்கவேண்டி வந்துவிடும் என்று, ஒருத்தியும் அங்கே காலூன்றிவிடாதபடி, அவ்வப்போது சில நாள் கணக்கை மூடி வீட்டுக்கு அனுப்புவார்கள், பிறகு அன்றுதான் முகம் பார்த்ததுபோல மறுபடி எடுத்துக்கொள்வார்கள், அதற்குத்தான் அந்தப் பேர். போகும்போது ஒவ்வொருவரும் காண்ட்ராக்டரின் செல்போனைப் பார்த்து, "நானா வேலையை விட்டு நின்னுக்கிறேன், என்னை யாரும் நிறுத்தல" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். சபையில் ஆமென் சொல்வதுபோல ஆளுக்கொருத்தியாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். வேலை போன ஆண்களும் அதையேதான் சொன்னார்கள். "உங்க வூட்டுக்காரர் இன்னா பண்றாரு?" என்று கேட்டால், "நின்னுட்டாரு" என்பார்கள். கேட்டவர் உடனே நிமிர்ந்து கூரையைப் பார்ப்பார்.

ஏனென்றால் அந்த உயரம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. பிரேக்கில் இருப்பவர் ஒரு விரல், ஒரு சாண். மாதக்கணக்கில் வேலை இல்லாதவர் ஜன்னல் உயரம். இன்னும் போனால் வீட்டுக்கூரையைத் தலை முட்டும், கூரை இல்லாத இடமாயிருந்தால் முட்டுவதற்கும் ஒன்றுமிருக்காது. மறுபடி வேலை கிடைத்த அன்று கால் தானாக இறங்கி மண்ணைத் தொடும். ஏன் இப்படி என்று முதல் வாரம் பேசினார்கள், டாக்டர் வந்து பார்த்துவிட்டு இரத்தத்தில் குறையில்லை என்று போனார், அப்புறம் ஊர் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. டெய்லர்கள் பாவாடை ஓரத்தில் கல் போட்டுக்கொள்ள ரகசியப் பை வைத்துத் தைத்தார்கள். மளிகைக் கடைக்காரர் பழைய எடைக்கல்லை வாடகைக்கு விட்டார். பஸ்ஸில் சீட்டுக்கு மேலே உட்கார்ந்து வருகிறவனிடம் கண்டக்டர் முழு டிக்கெட் கேட்க, "நான் உன் சீட்டைத் தொடவே இல்லையே" என்று அவன் சண்டை போட்டான். மசூதித் தெருவில் கைப்பிடிச் சுவரை உயர்த்திக் கட்டினார்கள். சபையில் பெஞ்சுகளுக்கு வார் வைத்தார்கள். பேதுரு தண்ணீர்மேல் நடந்ததைப் பற்றி சபைப் போதகரான ஐயர் பிரசங்கம் செய்தபோது பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண், "ஐயரே, பேதுரு முழுகினாரு, நாங்க மேல போறோம், எங்களுக்கு இன்னா வசனம்?" என்று கேட்டுவிட்டாள். ஐயர் அன்றைக்குச் சீக்கிரமே ஆசீர்வாதம் கூறி அனுப்பிவிட்டார்.

ஊரில் எல்லோரும் முகத்தைப் பார்க்கும் முன் காலைப் பார்க்கப் பழகினார்கள். பெண் கொடுக்கிறவர்கள், மாப்பிள்ளையை ஈரத்தரையில் நடந்துகாட்டச் சொன்னார்கள். வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர்கள் வாசலில் மாவைத் தூவிவிட்டு மறுநாள் வந்து தடம் பார்த்தார்கள். நல்ல பழக்கம் ஒன்றும் வந்தது. வேலையில் இல்லாத ஒருவர் வீட்டுக்குள் வந்தால், அவர் கேட்கும் முன்பே யாராவது எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிடுவார்கள். காற்று அவரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் மோதிவிடக்கூடாதல்லவா? யார் வீட்டில் ஃபேன் நிற்கிறது, யார் வீட்டில் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பதை வைத்து மனிதர்களைத் தெரிந்துகொண்டார்கள்.

நவோமி அந்த ஊரில் அப்பர் தைக்கிறவள். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே கம்பெனி, அதே லைன், அதே மெஷின், ஆனாலும் இன்னும் காண்ட்ராக்ட். ஒன்றிரண்டு நாள் பிரேக்கில் ஒரு விரல் உயரும்போது இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து சமாளித்துவிடுவாள். அவளுடைய கவலை தன் காலைப் பற்றி இல்லை. வீட்டுக்குள் கூரையோடு ஒட்டிக்கொண்டிருந்த புருஷன் சாலமோனைப் பற்றி.

சாலமோன் தோல் ஷாப்பில் தோல் ஊறுகிற டிரம்மைச் சுற்றியவர். அங்கிருந்து வந்த நாளில், "நானாத்தான் நின்னுட்டேன். அந்த நாத்தத்துல எந்த மனுசன் வேலை பார்ப்பான்?" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். நவோமியிடமும் அதையேதான் சொன்னார். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அவரோடு வேலை போனவர்கள் ஜன்னல் உயரத்தில் மிதந்துகொண்டிருக்க, அவர் மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் போய் முட்டிக்கொண்டது ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. "உன் ஆளு லேசான உடம்பு" என்றார்கள். அவர் மேலே போன அன்றே நவோமி ஃபேன் இறக்கைகளில் பழைய சேலையைச் சுற்றி, சுவிட்சுமேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள்.

தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன், அவர் இடுப்பில் கட்டிய கயிறைப் பிடித்து இழுத்து இறக்கி, ஜன்னல் கம்பியில் முடிந்து, பல் தேய்க்க வைத்து, சாப்பாடு கொடுத்து, கையில் ரேடியோவையும் கொடுத்து மேலே விடுவாள்.

"மெதுவா இழுடி, நான் இன்னா கெணத்து வாளியா?"

"வாளின்னா தண்ணியாவது வரும்."

"மேலயிருந்து பார்த்தா உன் வகிடு கோணலா கீது, தெரியுமா உனக்கு?"

"இறங்கி வந்து நேரா எடுத்து விடுங்களேன்."

அவர் சிரிப்பார். சிரித்தால் இன்னும் கொஞ்சம் மேலே போய்த் தலை இடிக்கும். இப்படித்தான் அவர்கள் காலம் போனது. அவள் கால் தரையில் இருந்தது, அவள் கையில் கயிறு இருந்தது, கயிற்றின் மறுமுனையில் அவர் இருந்தார்.

வீட்டுக்காரம்மா பட்டம்மாளுக்கு இது தெரியாது. உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறார் என்று நவோமி சொல்லி வைத்திருந்தாள். பட்டம்மாள் ஸ்கூலில் ஆயாவாக இருந்து ரிட்டையரானவர். பென்ஷன் வாங்குகிற கால், பிசின் போட்டதுபோலத் தரையில் ஒட்டும். முன்னால் குடியிருந்த ஒருவன் வாடகை பாக்கியோடும் கூரை ஷீட்டோடும் ஒருநாள் மேலே போய்விட்டதால், வீட்டில் தரையில் நிற்கிற ஆள் ஒருத்தராவது இருந்தால்தான் குடிவைப்பேன் என்று சட்டம் போட்டிருந்தார். அந்த ஒருத்தர் நவோமி. அவள் கால் உயர்ந்தது தெரிந்தால் வீடு போகும், வீடு போனால் கூரை போகும், கூரை போனால் சாலமோனுக்கும் வானத்துக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

ஆனி முடிகிற சமயத்தில் கம்பெனியில் மறுபடி பிரேக் வந்தது. காண்ட்ராக்டர் குணாளன் செல்போனை நீட்டிக்கொண்டு, "எல்லாரும் ஒரு வாரம் நல்லா ரெஸ்ட் எடுங்க. கூப்பிடறேன்" என்றான். நவோமி வழக்கம்போலச் சொல்லிவிட்டு வந்தாள். வாரம் முடிந்தது, கூப்பிடவில்லை. அவளே போன் செய்தாள்.

"ஆர்டர் இல்லக்கா. நான் இன்னா பண்ணட்டும்? நானே அரை விரல் மேலதான் கீறேன்."

"எப்பதான் கூப்பிடுவ தம்பி?"

"கூப்பிட்டா வாங்க. கூப்பிடலன்னா ஜெபம் பண்ணுங்க."

அவள் ஜெபம் பண்ணினாள். முழங்கால் தரையைத் தொடாத ஜெபம். ஒரு விரல் உயரம் நான்கு விரலாகி, நான்கு விரல் ஒரு சாணானது. ஒருநாள் காலையில் வழக்கம்போலச் சாலமோனை இறக்கக் கயிறைப் பிடித்து இழுத்தாள். அவர் இறங்கவில்லை. அவள்தான் ஏறினாள். இரண்டு பேரும் பாதி வழியில், வீட்டின் நடு உயரத்தில், முகத்துக்கு முகம் வந்து நின்றார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவ்வளவு கிட்டத்தில் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்கலாமா என்று இருவருக்கும் தெரியவில்லை.

"நவோமி," என்றார் சாலமோன் மெதுவாக, "கயிறை விட்டுடு. நீயாவது கீழ போ."

"பேசாம இருங்க."

"ஆடிக் காத்து வரப்போவுது. ரெண்டு பேரும் போக வேணாம்."

"பேசாம இருங்கன்னு சொன்னேன்ல?" ஜன்னல் கம்பியைக் காலால் எட்டிக் கொக்கிபோட்டு இழுத்து, தம் பிடித்து இறங்கி, மாவு அரைக்கும் குழவியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். கட்டி முடிக்கவும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

"நவோமி, வேலைக்குப் போவலயா?" பட்டம்மாள் கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை, நிலைப்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு லீவு பெரிம்மா."

"நேத்து சாயங்காலம் வாசல்ல மாவு சிந்திடுச்சு. ஒரு தடத்தையும் காணமே. நீ வூட்டுக்குள்ள எப்படிப் போன, பறந்தா?"

"காலையில பெருக்கினேன் பெரிம்மா."

"பெருக்கினா மாவும் போயிருக்கணுமே?"

நவோமி மடியிலிருந்த குழவியை முந்தானையால் மூடிக்கொண்டாள். மேலே சாலமோன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூரையோடு பல்லிபோலக் கிடந்தார். அவர் கையிலிருந்து ரேடியோ நழுவிவிட்டால்? பட்டம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நிமிரப்போனவர், என்ன நினைத்தாரோ, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் வருவேன். நீ என் கண்ணு முன்னாடி வாசல்லருந்து அடுப்பு வரைக்கும் நடக்கணும். நான் கெட்டவ இல்லமா. காத்துக்குக் குடுக்க எங்கிட்ட இன்னொரு கூரை இல்ல."

அந்த வெள்ளிக்கிழமைதான் ஹைவே பக்கம் புதுக் கம்பெனி ஆள் எடுக்கிற நாள் என்ற செய்தியை அதே லைனில் தைத்த நஸ்ரின் கொண்டுவந்தாள். காண்ட்ராக்டர் இல்லையாம், நேராக எடுக்கிறார்களாம், அன்றைக்கே கார்டு போட்டு உள்ளே விடுகிறார்களாம். சேர்ந்த நிமிஷமே கால் இறங்கிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை. கேட் வாசலில் ஈர மணலைப் பரப்பி வைத்திருக்கிறார்கள், அதில் நடந்து தடம் பதிய வேண்டும். தடம் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் வேலை.

"வேலையில கீறவனுக்குத்தான் தடம் பதியும். வேலையில கீறவன் எதுக்கு வேலை கேட்டு வரான்?" என்றாள் நவோமி.

"அதைக் கேட்டா உள்ள விடுவாங்களாக்கா?" என்றாள் நஸ்ரின். "பாவாடையை எடு. ஆத்துல போய்க் கல் பொறுக்கலாம்."

வெள்ளிக்கிழமை காலையிலேயே காற்று எழுந்துவிட்டது. முந்தினநாள் கீழ்த்தெருவில் ஒருவர் சட்டை காயப்போட வெளியே வந்தவர் வந்தபடியே மலைக்கு மேலாகப் போய்விட்டார், அவர் வேட்டி மட்டும் பனைமரத்தில் கிடைத்தது. அவர் பெண்சாதி அந்த மரத்தடியில் உட்கார்ந்து அதை எடுத்துத் தரச் சொல்லி வருகிறவர் போகிறவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதைக் கடந்துதான் நவோமியும் நஸ்ரினும் போகவேண்டியிருந்தது. கிளம்பும் முன் நவோமி சாலமோனின் கயிறை ஜன்னலில் இரண்டு முடிச்சாகக் கட்டி, இழுத்துப் பார்த்து, சிலுவை போட்டுவிட்டு வந்திருந்தாள். பாவாடையின் ரகசியப் பை நிறைய ஆற்றுக்கல். தடம் மெலிசாக விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் இடுப்பில் குழவி, மாராப்பில் கடைக்காரரின் எடைக்கல், போதாமல் வழியிலும் இரண்டு கல்.

"போதும்க்கா," என்றாள் நஸ்ரின்.

"இருக்கட்டும். அவருக்கும் சேர்த்து நிக்கணும் நான்."

கேட்டில் நீண்ட வரிசை. ஊருக்கெல்லாம் ஷூ தைத்தவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள், நின்றார்கள் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். மணலுக்கு அந்தப் பக்கம் ஆள் எடுக்கிற இளவயது எச்.ஆர். அதிகாரி ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் போனவளின் தடம் கோழி நடந்ததுபோல விழுந்தது. "அடுத்து" என்றார். அவள் அழுதுகொண்டே காற்றோடு ஒதுங்கினாள்.

நவோமி மணலில் காலை வைத்தாள். கல்லும் குழவியும் எடைக்கல்லும் அவளைப் பிடித்து அழுத்தின. ஒவ்வொரு தடமும் கணுக்கால் ஆழத்துக்குப் போனது. மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும், கர்த்தாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நிமிர்ந்தாள். அதிகாரி எழுந்து வந்து மணலைக் குனிந்து பார்த்தார். பள்ளத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா இது, யானை போன மாதிரி கீது? உனக்கு ரெண்டு வேலையா?"

"இல்ல சார்."

"வேலை இல்லாதவளுக்கு இவ்ளோ ஆழம் விழாது. எங்கயோ வேலை பார்த்துக்கினே இங்க வந்திருக்க. ரெண்டு எடத்துல பிஎஃப் புடிக்க முடியாதும்மா. போ. அடுத்து."

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம், பட்டம்மாள், வாசலிலிருந்து அடுப்பு, கூரை, கயிறு, எல்லாம் நவோமிக்கு ஒன்றன்மேல் ஒன்றாக நினைவுக்கு வந்தது.

"வேலை இல்ல சார் எனக்கு. சத்தியமா இல்ல. பாருங்க." குழவியை அவிழ்த்து மணலில் போட்டாள். மாராப்பிலிருந்து எடைக்கல்லை எடுத்துப் போட்டாள். பாவாடை ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள், ஆற்றுக்கற்கள் உருண்டு ஓடின. கடைசிக் கல் விழுந்ததும் அவள் எல்லார் முன்னாலும் எழும்பினாள். முழங்கால் உயரம், இடுப்பு உயரம். அந்த நேரம் பார்த்துக் காற்று ஹைவேயிலிருந்து புழுதியோடு வந்தது. நஸ்ரின் பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடித்தாள், நஸ்ரினும் சேர்ந்து எழும்பினாள், நஸ்ரினின் இடுப்பை இன்னொருத்தி கட்டிக்கொண்டாள்.

"அப்ப எதுக்கும்மா பொய் சொன்ன?" என்று அதிகாரி கீழேயிருந்து கேட்டார். "வேலையை விட்டு நின்னவதானே நீ? அதைச் சொல்லி இருக்கலாமே."

எத்தனையோ தடவை செல்போனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நானாத்தான் நின்னுட்டேன் சார். அதைச் சொல்ல வாயைத் திறந்தவளுக்கு, மெஷினில் நூல் அறுந்ததுபோல ஏதோ அறுந்தது.

"நான் நிக்கல சார்," என்றாள். "என்னை நிறுத்தினாங்க."

சொன்னதும் வலதுகால் கட்டைவிரலில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. குனிந்து பார்த்தாள். ஈர மணல். முழுப் பாதமும் இறங்கவில்லை, குதிகால் இன்னும் காற்றில்தான் இருந்தது, ஆனால் கட்டைவிரல் ஊன்றியிருந்தது. அவள் காலைப் பிடித்திருந்த நஸ்ரின் மணலில் உட்கார்ந்துகொண்டு அண்ணாந்து பார்த்தாள். "இன்னாக்கா சொன்ன?" என்று கேட்டாள். பிறகு அவளாகவே, "என்னையும்தான் நிறுத்தினாங்க. நானா நிக்கல. யா அல்லா, நானா எங்க நின்னேன்?" என்றாள். வரிசையில் அது பின்னோக்கிப் போயிற்று, ஒருத்தி வாயிலிருந்து அடுத்தவள் வாய்க்கு, சிலர் முணுமுணுப்பாக, சிலர் திட்டுவதுபோல. மணலெங்கும் கட்டைவிரல் தடங்கள் விழுந்தன.

அதிகாரி நாற்காலியை மடக்கினார். "இங்க வந்து கத்தறவங்களுக்கெல்லாம் வேலை குடுக்க முடியாது" என்றார். கேட் மூடிக்கொண்டது.

அந்தக் கேட் அதன்பிறகு நவோமிக்குத் திறக்கவே இல்லை. அதைப் பற்றி அழ அவளுக்கு நேரமில்லை, காற்று ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தது. கட்டைவிரலால் மண்ணைக் கவ்விக் கவ்வி, மின்கம்பத்துக்கு மின்கம்பம் தாவி, வேலிக்கு வேலி பிடித்து, நஸ்ரினின் கையை விடாமல் ஓடினாள். தெருமுனை திரும்பும்போதே தெரிந்துவிட்டது. வீட்டுக்கூரையில் ஒரு ஷீட் இல்லை. அந்த ஓட்டை வழியாகக் கயிறு வெளியே போய், விண்ணென்று விறைத்து, அதன் நுனியில், வேப்பமரத்துக்கும் மேலே, சாலமோன் பட்டம்போல ஆடிக்கொண்டிருந்தார்.

ஜன்னல் கம்பி பெயர்ந்து தொங்கியது. கயிற்றின் இந்த முனையைக் கையில் சுற்றிக்கொண்டு, வாசற்படியில் காலை உதைத்துக்கொண்டு, பட்டம்மாள் நின்றிருந்தார்.

"வாடி, வா! உடம்பு சரியில்லாம படுத்துக்கினு கீறாருன்னு சொன்னியே, எங்க படுத்துக்கினு கீறாரு பாரு!" அவர் உள்ளங்கையில் இரத்தம் கசிந்தது. "புடிடி, என்னால ஆவல. கெழவி கை இது."

நவோமி பிடித்தாள், நஸ்ரின் பிடித்தாள். கயிறு இறங்கவில்லை. காற்று ஒவ்வொரு முறை இழுத்தபோதும் இழுத்த அளவுக்குக் கயிறு அவர்கள் கையிலிருந்து நழுவியது. தெருவே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது.

"ஏங்க!" நவோமி கத்தினாள். "நின்னுட்டேன்னு சொல்லாதீங்க! நிறுத்திட்டாங்கன்னு சொல்லுங்க!"

"இன்னா?"

"தோல் ஷாப்பைச் சொல்றேன்! நிறுத்திட்டாங்கன்னு சொல்லுங்க!"

மேலேயிருந்து, "நானாத்தாண்டி நின்னேன்" என்று வந்தது. கயிறு வெடுக்கென்று ஒரு முழம் போயிற்று. பட்டம்மாள் ஐயோ என்றார்.

"எங்கிட்டச் சொல்லுங்க. என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

"ஊரே பார்த்துக்கினு கீது நவோமி."

"பார்க்கட்டும். கயிறு என் கையிலதான் கீது."

முடிச்சுப் போட்ட முனை மட்டும்தான் மிச்சம். நவோமியின் கட்டைவிரல் மண்ணில் புதைந்து நகம் பெயர்ந்துகொண்டிருந்தது. அப்போது மேலேயிருந்து, ரேடியோவைக் குறைத்துவைத்த மாதிரி ஒரு குரல் வந்தது.

"வூட்டுக்குப் போன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான் நவோமி. மவன் வயசு அவனுக்கு. புது டிரம்மு வந்துச்சு, நீங்க வேணாம்னுட்டான். தெனம் காலையில போய்க் கேட்டுல கெஞ்சினேன். வாச்மேனு என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்குவான். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..." காற்று அந்த இடத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. "நான் நிக்கலடி. என்னை நிறுத்திட்டாங்க."

கயிறு தளர்ந்தது. அவர் திடுமென்று விழவில்லை. சருகு இறங்குவதுபோல வேப்பமரத்துக்குக் கீழே, கூரைக்குக் கீழே, ஜன்னல் உயரத்துக்கு, அதற்கும் கீழே இறங்கி வந்தார். நவோமி அவர் சட்டையைப் பிடித்தாள். அவர் அவள் உச்சந்தலையைப் பார்த்துவிட்டு, விரலால் வகிட்டை நேராக எடுத்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர் உள்ளே போய், வாசல் வழியாகக் காற்று வீசிக்கொண்டிருந்த தன் வீட்டு டேபிள் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தார்.

பட்டம்மாள் உள்ளங்கையை முந்தானையில் ஒற்றிக்கொண்டே நவோமியின் காலைப் பார்த்தார். கட்டைவிரல், அதற்குப் பின்னால் காற்று.

"நடந்து காட்டட்டுமா பெரிம்மா?" என்றாள் நவோமி.

"ஒரு விரல் ஊணினா போதும்," என்றார் பட்டம்மாள். "கூரை ஷீட்டு காசு உங்க கணக்குல."

நவோமிக்கும் நஸ்ரினுக்கும் அதன்பிறகு வீட்டிலிருந்தே ஜோடிக் கணக்கில் தைத்துக்கொடுக்கிற வேலைதான் கிடைத்தது. அதற்குச் சம்பளம் என்று பேர் வைக்க முடியாது. அவர்கள் ஊரில் இப்போது பாதிப் பேர் கட்டைவிரலால்தான் நடக்கிறார்கள், கோயிலில் மெதுவாக அடியெடுத்து வைப்பதுபோல இருக்கும். குணாளன் இன்னமும் செல்போனை நீட்டுகிறான். சிலர் பயத்தில் பழைய வார்த்தையைச் சொல்லிவிட்டு உயரே போகிறார்கள். சிலர் வாயை மூடிக்கொண்டு அவனைப் பார்த்தபடி நிற்கிறார்கள். அவர்கள் நிற்கிறார்கள்.

ரோஸ்லின் அக்கா இவ்வளவுதான் சொன்னார். கஞ்சி ஆறிவிட்டது. எங்கோ பாலாற்றங்கரையில் நடந்தது என்றுதான் நானும் அதை வைத்திருந்தேன். சென்னையில் வேலையிலிருந்த எங்கள் பெரியவன் இப்போது வீட்டுக்கு வந்திருக்கிறான். வந்ததிலிருந்து கட்டிலை விட்டு இறங்கவில்லை, கேட்டால் நானாகத்தான் நின்றுவிட்டேன் அம்மா என்கிறான். அதோ, அவன் அறைக் கதவு திறக்கிற சத்தம், அவன்தான் வருகிறான். நீங்கள் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். கொஞ்சம் அந்த ஃபேனை நிறுத்திவிடுங்கள்.